லிவர்பூல் ஆங்கிலத்தைப் பேசிப் பழகுவது எப்படி? விளையாட்டு எப்போது கேலியாகிறது?

பிரிட்டன் ஆங்கிலம் என்றதும் செய்தி வாசிப்பாளரின் சீரான குரல் மட்டுமே நினைவுக்கு வந்த காலம் மாறியுள்ளது. 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொடர் பர்மிங்காம் நகரின் பேச்சையும், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் வட இங்கிலாந்தின் பேச்சையும் இந்திய ரசிகர்களின் காதுகளுக்குக் கொண்டுவந்தன. பிரீமியர் லீக் கால்பந்து ஒளிபரப்பைப் பார்ப்போருக்கு, லிவர்பூல் அணியின் முன்னாள் வீரர் ஜேமி காரகரின் குரல் நன்கு பழக்கமானது. இத்தகைய குரல்களைக் கேட்டுவிட்டு அதே போலச் சொல்லிப் பார்ப்பது பலருக்கு ஒரு விளையாட்டு. இதற்குத் தேர்வோ சான்றிதழோ கிடையாது. சரியாக வந்தால் உடன் இருப்போர் சிரிப்பார்கள் என்பதே பரிசு.

எனினும், இந்த விளையாட்டுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. கவனித்துக் கேட்டுப் பழகினால், புரியாத ஒரு பேச்சு புரியத் தொடங்குகிறது. கவனிக்காமல் நான்கு ஒலிகளை மட்டும் பெரிதுபடுத்தினால், அது ஒரு நகரத்து மக்களைக் கேலி செய்வதாக முடிகிறது. உச்சரிப்பின் காரணமாகவே பலர் இன்றும் ஏளனத்துக்கு உள்ளாகும் பிரிட்டனில் இந்த வேறுபாடு சிறியது அல்ல. லிவர்பூல் நகரின் 'ஸ்கவுஸ்' உச்சரிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்க்கலாம். தமிழ் பேசுவோருக்கு இந்த உச்சரிப்பில் ஓர் எதிர்பாராத வசதியும் இருக்கிறது.

'ஸ்கவுஸ்' என்ற பெயர் எப்படி வந்தது?

வடமேற்கு இங்கிலாந்தில், மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த துறைமுக நகரம் லிவர்பூல். அங்கு வந்துசென்ற மாலுமிகள் உண்ட 'லாப்ஸ்கவுஸ்' என்ற உணவு நகரில் பரவலாயிற்று. இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றை ஒன்றாக வேகவைத்த எளிய குழம்பு அது. அதன் பெயரே சுருங்கி, முதலில் அதை உண்ட மக்களுக்கும் பின்னர் அவர்கள் பேசிய ஆங்கிலத்துக்கும் பெயரானது.

லிவர்பூலைச் சுற்றியுள்ள லங்காஷயர் பகுதியின் பேச்சுக்கும் நகரின் பேச்சுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மான்செஸ்டரின் பேச்சும் வேறானது. இதற்கான காரணத்தை மொழியியலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் குடியேற்றத்தில் காண்கின்றனர். அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் இருந்து தப்பிய மக்கள் பெருந்திரளாக லிவர்பூலில் வந்திறங்கினர். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நகர மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். வேல்ஸ், ஸ்காட்லாந்து பகுதிகளில் இருந்தும் பலர் வந்து குடியேறினர். இவர்களின் பேச்சும் உள்ளூர் லங்காஷயர் பேச்சும் கலந்து, ஓரிரு தலைமுறைகளில் ஒரு புதிய உச்சரிப்பு உருவானது.

1960-களில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் நேர்காணல்கள் வழியாக உலகம் இந்த உச்சரிப்பைக் கேட்டது. பின்னர், 1982 முதல் 2003 வரை ஒளிபரப்பான 'புரூக்சைடு' தொலைக்காட்சித் தொடர் அதை பிரிட்டனின் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. மொழியியலாளர் ஜெரால்டு நோல்ஸ் 1973-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு, ஸ்கவுஸ் குறித்த முதல் விரிவான ஆய்வுகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

தமிழ் நாவுக்குப் பழக்கமான ஒலிகள்

ஸ்கவுஸ் உச்சரிப்பின் முதல் அடையாளம் ககர ஒலி. பிற ஆங்கில வழக்குகளில் 'புக்', 'பேக்' போன்ற சொற்களின் இறுதியில் நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தை முழுமையாகத் தொட்டு மூச்சை நிறுத்துகிறது. லிவர்பூலில் நாக்கு அண்ணத்தை நெருங்குமே தவிர, முழுதாகத் தொடுவதில்லை. இடையில் உள்ள சிறு இடைவெளி வழியாக மூச்சு உரசிக்கொண்டு வெளியேறுகிறது. வெளியார் பலருக்கு இது தொண்டையைச் செருமுவது போலக் கேட்கிறது.

தமிழருக்கு இது புதிய வித்தை அல்ல. 'கல்' என்ற சொல்லில் வரும் ககரத்தையும் 'பகல்' என்ற சொல்லில் வரும் ககரத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. 'கல்' என்பதில் மூச்சு முழுதாக அடைபட்டு வெடிக்கிறது. 'பகல்' என்பதில் அடைப்பு தளர்ந்து, ஒலி மென்மையாகிறது. சொல்லின் தொடக்கத்தில் வன்மை, இரு உயிரொலிகளுக்கு இடையில் மென்மை என்பது தமிழ் வல்லினத்தின் இயல்பு.

ஸ்கவுஸ் உச்சரிப்பும் ஏறக்குறைய இதே வழியில் செல்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் ககரம் பெரும்பாலும் வன்மையாகவே நிற்கிறது. உயிரொலிக்குப் பின் வரும்போது தளர்கிறது. 'சிக்கன்' என்ற சொல்லை இரட்டைக் ககரத்தோடு எழுதினால் அது தமிழ்நாட்டு உணவக ஒலி. ஒரு க் எழுத்தை நீக்கி 'சிகன்' என்று எழுதி, 'பகல்' போலப் படித்தால் அது லிவர்பூலை நெருங்கிவிடும். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்ச் சொல்லில் இந்த ஒலி இதமாகவும் குரல் அதிர்வோடும் வரும். லிவர்பூலில் அது குரல் அதிர்வின்றி, கூடுதல் உரசலோடு வரும். 'எஃகு' என்ற சொல்லில் ஆய்த எழுத்தைச் சற்று நீட்டி ஒலித்தால் அந்த உரசல் கிடைக்கும்.

இரண்டாவது வசதி, 'சிங்கர்' (பாடகர்) போன்ற சொற்களில் கிடைக்கிறது. லண்டன் வழக்கில் இச்சொல்லின் நடுவே ஙகர ஒலி மட்டுமே கேட்கும். அதையடுத்துக் ககரம் ஒலிக்காது. தமிழில் ங் வந்தால் பெரும்பாலும் அதையடுத்துக் ககரமும் வரும் என்பதால், தமிழ் பேசுவோர் இயல்பாகவே இரண்டையும் சேர்த்து ஒலிக்கின்றனர். ஆங்கில வகுப்புகளில் இது பிழை என்று திருத்தப்படுவது உண்டு. லிவர்பூலிலும் மான்செஸ்டர், பர்மிங்காம் பகுதிகளிலும் இதுவே உள்ளூர் உச்சரிப்பு.

மூன்றாவது, ரகரம். தென் இங்கிலாந்தில் நாக்கு நுனி எதையும் தொடாமல் இந்த ஒலி பிறக்கிறது. ஸ்கவுஸ் பேசுவோரில் பலர் நாக்கு நுனியால் மேலண்ணத்தை ஒருமுறை தட்டி இதை ஒலிக்கின்றனர். 'மரம்' என்ற சொல்லின் நடுவில் வரும் ரகரத்தோடு இதை ஒப்பிடலாம்.

உயிரொலிகளில் ஒன்று எளிதாகப் பிடிபடும். 'கப்', 'பஸ்', 'லவ்' போன்ற சொற்களில் தென் இங்கிலாந்து அகரத்துக்கு நெருக்கமான ஒலியைப் பயன்படுத்துகிறது. வட இங்கிலாந்து முழுவதிலும் அங்கே குற்றியல் அல்லாத, தெளிவான உகரம் போன்ற ஒலி வரும். 'குப்', 'புஸ்', 'லுவ்' என்று குறில் உகரத்தோடு சொன்னால் அது ஏறக்குறைய சரி. 'கிளாஸ்' என்ற சொல்லை லண்டன் நெடிலாகவும் வடக்கு குறிலாகவும் ஒலிக்கிறது.

கடினமாக அமையும் பகுதிகள்

டகர ஒலியில் இருந்து சிக்கல் தொடங்குகிறது. தமிழ் பேசுவோர் ஆங்கிலச் சொற்களிலும் நாக்கை மடித்து டகரத்தை ஒலிப்பது வழக்கம். ஆங்கிலத்தில் நாக்கு நுனி மேற்பல்லின் பின்னுள்ள ஈற்று மேட்டைத் தொடுகிறது. லிவர்பூலில் இந்த ஒலியும் உயிரொலிக்குப் பின் தளர்கிறது. 'அவுட்' என்ற சொல்லின் இறுதி ஸகரத்தை நெருங்கும் ஒரு மெல்லிய சீறலாகிறது. 'தட்', 'வாட்', 'நாட்' போன்ற சிறு சொற்களில் அது மேலும் தேய்ந்து, வெறும் மூச்சாக, 'தஹ்', 'வஹ்', 'நஹ்' என்பது போல முடியக்கூடும். 'காட் எ' (கிடைத்துள்ளது என்ற பொருளில்) போன்ற தொடர்களில் டகரம் ரகரமாகவும் மாறுகிறது. ஒரே எழுத்து மூன்று இடங்களில் மூன்று விதமாக நடந்துகொள்வதால், இதை விதியாக மனனம் செய்வதைக் காட்டிலும் கேட்டுப் பழகுவதே பயன்தரும்.

அடுத்தது, சொல்லிறுதி ரகரம். எழுத்தில் உள்ளதை ஒலிப்பது தமிழர் பழக்கம். லிவர்பூலில் 'ஹேர்' (தலைமுடி), 'கார்' போன்ற சொற்களின் இறுதி ரகரம் ஒலிப்பதில்லை. இதனோடு ஸ்கவுஸின் புகழ்பெற்ற மற்றோர் அடையாளமும் சேர்கிறது. தலைமுடியைக் குறிக்கும் 'ஹேர்' என்ற சொல்லும், அவளைக் குறிக்கும் 'ஹர்' என்ற சொல்லும் அங்கு ஒரே விதமாக, 'ஹே' என்பதை நீட்டியது போல ஒலிக்கின்றன. அதே முறையில் 'நர்ஸ்' என்பது 'நேஸ்' என்பதை நெருங்குகிறது. இது தெரியாத வெளியூரார் சூழலை வைத்தே பொருளை உணர வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது இசைப்பாங்கு. தென் இங்கிலாந்தில் சாதாரண வாக்கியம் முடியும்போது குரல் இறங்குகிறது; அது ஏறினால் கேள்வி என்று பொருள்படக்கூடும். லிவர்பூல், நியூகாசில், கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட், பர்மிங்காம் ஆகிய நகரங்களில் சாதாரண வாக்கியத்தின் முடிவிலும் குரல் ஏறுவது உண்டு. ஒலிகளை எல்லாம் சரியாகப் பிடித்தவரும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கத் தவறினால், அவர் பேச்சு அந்த நகரத்தாருக்கு அந்நியமாகவே கேட்கும்.

வாயின் இருப்பும் முக்கியம். ஸ்கவுஸ் பேசும்போது நாக்கின் பின்பகுதி மெல்லண்ணத்தை நோக்கி உயர்ந்தும், தாடை அதிகம் திறவாமலும் இருப்பதை நோல்ஸ் விளக்கியுள்ளார். சளி பிடித்தவர் பேசுவது போல வெளியாருக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே. மூக்கால் பேசினால் ஸ்கவுஸ் வந்துவிடும் என்று நினைத்து முயல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றனர். மாற வேண்டியது நாக்கின் இருப்பு. மூக்கை அழுத்துவதால் பயனில்லை.

பழகும் முறை

நடிகர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி அளிப்போர் பின்பற்றும் சில முறைகளை, விளையாட்டாகப் பழகுவோரும் பயன்படுத்தலாம்.

முதலாவது, அந்த ஊரில் வளர்ந்த ஒருவரைத் தேர்ந்துகொள்வது. போலச் செய்பவரைப் பார்த்துப் போலச் செய்தால், அவருடைய பிழைகளும் சேர்ந்து வரும். 1964-இல் வெளியான 'மேரி பாப்பின்ஸ்' திரைப்படத்தில் அமெரிக்க நடிகர் டிக் வான் டைக் பேசிய லண்டன் 'காக்னி' உச்சரிப்பு, திரைப்பட வரலாற்றின் மோசமான உச்சரிப்புகளில் ஒன்றாக இன்றும் குறிப்பிடப்படுகிறது. தமக்குப் பயிற்சி அளித்தவருக்கே அந்த உச்சரிப்பு சரியாக வராது என்று அவர் பின்னாளில் தெரிவித்தார். 2017-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அவருக்கு விருது அறிவித்தபோது, அந்த உச்சரிப்புக்காக அவர் நகைச்சுவையோடு மன்னிப்பும் கோரினார்.

ஸ்கவுஸுக்கு நல்ல முன்மாதிரிகள் எளிதில் கிடைக்கின்றன. கால்பந்து வீரர்கள் ஜேமி காரகர், ஸ்டீவன் ஜெரார்டு ஆகியோரின் நேர்காணல்கள் பொதுவெளியில் உள்ளன. 'கில்லிங் ஈவ்' தொடரில் பல உச்சரிப்புகளில் பேசி நடித்து, 2019-இல் எம்மி விருது பெற்ற ஜோடி காமர் லிவர்பூலில் பிறந்தவர். அவருடைய இயல்பான பேச்சு ஸ்கவுஸ் என்பதை ரசிகர்கள் பலர் பின்னரே அறிந்தனர். வெவ்வேறு வயதினரின் பதிவுகளைக் கேட்க விரும்புவோர், பேராசிரியர் பால் மேயர் நிறுவிய 'இன்டர்நேஷனல் டயலெக்ட்ஸ் ஆஃப் இங்கிலீஷ் ஆர்கைவ்' என்ற இணைய ஆவணக்காப்பகத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, தனிச்சொற்களைக் காட்டிலும் சொற்குழுக்களைப் பழகுவது. மொழியியலாளர் ஜான் வெல்ஸ் 1982-இல் வெளியிட்ட மூன்று தொகுதிகள் கொண்ட நூலில், ஆங்கில உயிரொலிகளை 24 அடையாளச் சொற்களின் கீழ் வகைப்படுத்தினார். 'கப்' என்ற சொல்லில் உயிரொலி எப்படி மாறுகிறது என்று அறிந்தால், அதே குழுவைச் சேர்ந்த 'பஸ்', 'லவ்', 'மணி' ஆகிய சொற்களும் கைவசமாகும்.

மூன்றாவது, சிறிய பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. பத்து வினாடி நீளமுள்ள ஒரு பேச்சைத் தேர்ந்து, முதலில் சொற்களை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் முணுமுணுத்துப் பார்க்கலாம். அது பழகியபின் சொற்களைச் சேர்க்கலாம். பிறகு தம் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிடலாம். ஒரே நாளில் எல்லா ஒலிகளையும் மாற்ற முயல்வதைவிட, வாரத்துக்கு ஓர் ஒலி என்று பழகுவது நிலைக்கும்.

நான்காவது, அளவு. ஸ்கவுஸ் பேசுவோர் ஒவ்வொரு ககரத்தையும் உரசி ஒலிப்பதில்லை. வயது, பேசும் சூழல், எதிரில் இருப்பவர் ஆகியவற்றுக்கு ஏற்ப அது கூடும் அல்லது குறையும். எல்லா இடத்திலும் உரசலைத் திணிப்பவர் அந்த ஊர் மக்களைப் போலப் பேசவில்லை. அவர்களைப் பற்றிய கேலிச்சித்திரத்தைப் போலப் பேசுகிறார்.

போலச் செய்தால் புரிதல் கூடும்

இந்த விளையாட்டுக்குப் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆய்வுகள் விடை தருகின்றன. பட்டி அடாங்க், பீட்டர் ஹாகோர்ட், ஹரால்டு பெக்கரிங் ஆகியோரின் ஆய்வு 2010-இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் வெளியானது. டச்சு மொழியின் உயிரொலிகளை மாற்றியமைத்து, யாருக்கும் பழக்கமில்லாத ஓர் உச்சரிப்பை அவர்கள் உருவாக்கினர். பங்கேற்றோரில் ஒரு பிரிவினர் அதைக் கேட்க மட்டும் செய்தனர். ஒரு பிரிவினர் கேட்டதைத் தம் சொந்த உச்சரிப்பில் திருப்பிச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் ஒலித்தபடியே எழுதினார்கள். மற்றொரு பிரிவினர் அந்த உச்சரிப்பிலேயே சொல்லிப் பார்த்தார்கள். பின்னர் இரைச்சலுக்கு நடுவே அதே உச்சரிப்பைக் கேட்டபோது, போலச் சொல்லிப் பார்த்தவர்களுக்கே புரிதல் மேம்பட்டிருந்தது.

அடாங்க் தலைமையிலான குழு 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு மனப்பான்மையைப் பற்றியது. ஓர் உச்சரிப்பைப் போலச் சொல்லிப் பார்ப்பது, அந்த உச்சரிப்பில் பேசுவோர் மீதான நல்லெண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அது காட்டியது. உரையாடலில் மனிதர்கள் தம்மை அறியாமலே எதிரில் இருப்பவரின் பேச்சை நோக்கி நகர்வதை உளவியலாளர் ஹோவர்டு கைல்ஸ் 1970-களில் இருந்தே விளக்கி வந்துள்ளார். பிறர் பேச்சைப் பின்பற்றுவது அடிப்படையில் நெருங்கும் முயற்சி என்பதை இவை உணர்த்துகின்றன. ஆயினும், ஆய்வில் பங்கேற்றோர் செய்தது கூர்ந்து கேட்டுச் சொன்ன செயல் என்பது குறிப்பிடத்தக்கது.

உச்சரிப்புக்குக் கொடுக்கப்படும் விலை

பிரிட்டனில் ஒருவரின் உச்சரிப்பு அவரது ஊரோடு வர்க்கத்தையும் காட்டிக்கொடுக்கிறது. தனியார் உறைவிடப் பள்ளிகள், பழைய பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றோடு இணைந்த 'ரிசீவ்டு புரொனன்சியேஷன்' என்ற உச்சரிப்பு, நாட்டில் மிகச் சிலரே பேசினாலும் உயர்வாக மதிக்கப்பட்டது. 1922-இல் தொடங்கிய பிபிசி, அறிவிப்பாளர்களின் உச்சரிப்பு குறித்து ஆலோசனை வழங்க 1926-இல் ஒரு குழுவை அமைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், யார்க்ஷயரைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தம் வட்டார உச்சரிப்போடு தேசியச் செய்தியை வாசித்தார். நேயர்களிடம் இருந்து எதிர்ப்பும் எழுந்தது.

அந்த மனநிலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிபிசி-யின் 'வாய்சஸ்' திட்டத்தின் பகுதியாக 2004-இல் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் 5,000-க்கும் மேற்பட்டோர் 34 உச்சரிப்புகளை மதிப்பிட்டனர். சமூக மதிப்பு என்ற அளவுகோலில் பர்மிங்காம், லிவர்பூல் உச்சரிப்புகள் கடைசி வரிசையில் இடம்பெற்றன. சட்டன் டிரஸ்ட் அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உச்சரிப்பின் காரணமாகக் கேலிக்கோ விமர்சனத்துக்கோ உள்ளானதாகக் கூறியவர்கள் பணியில் இருப்போரில் பணியிடத்தில் 25 விழுக்காட்டினர். சமூகச் சூழல்களில் 46 விழுக்காட்டினர். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பாகுபாட்டில் இருந்து பாதுகாக்கும் ஒன்பது தன்மைகளை வரையறுக்கிறது. அந்தப் பட்டியலில் உச்சரிப்பு தனியாக இடம்பெறவில்லை.

ஓர் உச்சரிப்பு இயல்பிலேயே அழகற்றதா என்ற கேள்வியையும் ஆய்வாளர்கள் எழுப்பினர். கைல்ஸ், பீட்டர் டிரட்கில் உள்ளிட்டோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கிரேக்க மொழி அறியாத பிரிட்டன் மாணவர்களுக்கு ஏதென்ஸ் நகரின் கிரேக்கமும் கிரீட் தீவின் கிரேக்கமும் ஒலிபரப்பப்பட்டன. கிரேக்க நாட்டில் முதலாவது மதிப்பு மிக்கது. இரண்டாவது வட்டார வழக்கு. மொழி தெரியாத மாணவர்களுக்கோ முதலாவது உயர்ந்ததாகத் தோன்றவில்லை. தாழ்வு என்பது ஒலியில் இல்லை. பேசுவோரைப் பற்றிச் சமூகம் கொண்ட எண்ணத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

எங்கே எல்லை?

இந்தியாவில் இருந்து ஸ்கவுஸைக் கேட்பவருக்கு அந்த எண்ணங்களின் சுமை இல்லை. அவர் அதை ஓர் ஒலியாக மட்டுமே கேட்க முடியும் என்பது நல்ல வாய்ப்பு. அதே வேளையில், அந்த ஒலியோடு பிரிட்டனில் ஒட்டிக்கொண்டுள்ள வரலாற்றை அறியாமல் பேசிவிடும் அபாயமும் உண்டு.

1989 ஏப்ரல் 15-ஆம் தேதி ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலால் லிவர்பூல் அணியின் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். ரசிகர்களே பேரிடருக்குக் காரணம் என்ற பொய்யான குற்றச்சாட்டு அப்போது பரப்பப்பட்டது. அவர்கள் மீது தவறில்லை என்று விசாரணை நடுவர் குழு 2016-இல்தான் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் லிவர்பூல் மக்கள் சண்டைக்காரர்கள், நம்பத்தகாதவர்கள் என்ற சித்திரிப்பு பல வடிவங்களில் தொடர்ந்தது. 1990-இல் தொடங்கிய ஹாரி என்ஃபீல்டின் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில், சுருள் முடியும் மீசையும் விளையாட்டு உடையுமாக, எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் லிவர்பூல் ஆண்கள் இடம்பெற்றனர். அந்த நடிப்பைக் கண்டு லிவர்பூலிலேயே சிரித்தவர்கள் உண்டு. ஆனால், வேறு ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ சென்ற லிவர்பூல் இளைஞரிடம், அவர் வாய் திறந்ததும் அதே கேலி வசனம் திருப்பிச் சொல்லப்படும்போது, அது நகைச்சுவையாக இருப்பதில்லை.

இந்தியர்களுக்கு இந்த அனுபவம் தெரியாததல்ல. 1968-இல் வெளியான 'தி பார்ட்டி' திரைப்படத்தில் பிரிட்டன் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முகத்துக்குச் சாயம் பூசி, இந்திய உச்சரிப்பில் பேசி நடித்தார். அந்த வகை உச்சரிப்பு வெளிநாடுகளில் இந்தியர்களைக் கேலி செய்வதற்கான அச்சாகவே பல காலம் நிலைத்தது. தமிழ்ப் பேச்சு, பஞ்சாபிப் பேச்சு, வங்காளப் பேச்சு என்ற வேறுபாடுகள் எதுவும் அதில் இல்லை. கேட்காமல் செய்த போலி என்பதற்கு அதுவே சான்று.

எனவே, விளையாட்டாகப் பழகுவோர் கவனிக்க வேண்டியவை சில. உச்சரிப்போடு சேர்த்து முட்டாள்தனம், திருட்டு, சண்டை போன்ற குணங்களை நடிக்கத் தொடங்கினால், அங்கே ஒலி பின்தங்கி, ஆள் கேலிப்பொருளாகிறார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய உச்சரிப்பை அவரிடமே திருப்பிச் சொல்வது, என்ன நோக்கத்தில் செய்தாலும், அவர் சொன்ன செய்தியைப் புறக்கணித்ததாகவே அமையும். நண்பராகி, அவரே சொல்லிக்கொடுக்க முன்வந்தால் நிலைமை வேறு. தம் ஊர்ச் சொல்லை அயலார் சரியாகச் சொல்லக் கேட்டு மகிழாதவர் எந்த நாட்டிலும் குறைவு.

பழக்கம் பலன் தந்ததா என்பதை அறிய நண்பர்களின் சிரிப்பு நல்ல அளவுகோல் அல்ல. மிகைப்படுத்திய போலிக்கே சிரிப்பு எளிதில் கிடைக்கும். சில வாரங்கள் பழகியபின், போட்டிக்குப் பிந்தைய காரகரின் அலசலைத் திரையில் எழுத்து வரிகள் இல்லாமல் கேட்டுப் பார்க்கலாம். முன்பு இரைச்சலாகக் கேட்டது சொற்களாகப் பிரிந்து கேட்டால், அந்த விளையாட்டு வெற்றி பெற்றுவிட்டது.